மலை ஏறிய மிதிவண்டியும் மறந்துபோன பெயர்களும்

பொது அறிவு நூல் எதையேனும் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ‘தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார்?’, ‘வானொலியைக் கண்டுபிடித்தவர் யார்?’ என்று வினாக்கள் வரிசையாக நிற்கும். எதிரே ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு பெயர் இருக்கும். அப்பெயரை நாம் மனப்பாடம் செய்கிறோம், போட்டியில் எழுந்து நின்று சொல்கிறோம், பரிசும் பெறுகிறோம். அதில் தவறில்லை. ஆயினும், ஒரு பொருளுக்கு ஒரு பெயர் போதும் என்ற எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிடுமானால், உழைத்த பலருக்கு நன்றி சொல்ல மறந்தவர்கள் ஆகிவிடுவோம். இக்கட்டுரையில் நாம் வலியுறுத்த விரும்புவது இதுவே.

இதற்குச் சான்றாக, எளிய பொருள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பருத்த டயர்கள், நேரான ஹாண்டில்பார், பல கியர்கள், உறுதியான பிரேக்குகள்: இவற்றோடு கல்லும் மண்ணும் மேடும் பள்ளமுமான பாதையில் ஏறி இறங்கும் மலை மிதிவண்டியை அறியாதார் இன்று இலர். ‘மவுண்டன் பைக்’ என்றால் சிறு குழந்தையும் அடையாளம் காட்டும். இதைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் சிலர் ஜோ பிரீஸ் என்பர். வேறு சிலர் கேரி ஃபிஷர் என்பர். இருவரும் அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தவர். இருவரும் புகழுக்கு உரியவர்களே. ஆனால் அவர்கள் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே மிதிவண்டியை மலைமேல் ஏற்றியவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கதையைக் கேட்ட பிறகு, ஒரே பெயர் போதுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

மலை கடந்த போர்வீரர்கள்

இன்று நாம் ஓட்டும் வடிவில், இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாக, பின் சக்கரத்தைச் செயின் இழுக்கும்படி அமைந்த மிதிவண்டி 1885-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவரால் வெளிவந்தது. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குப் பின் பத்து ஆண்டுகள்கூடக் கழியவில்லை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்திலுள்ள மிசூலா கோட்டையில் ஜேம்ஸ் மாஸ் என்ற இளம் இராணுவ அதிகாரிக்கு ஓர் எண்ணம் உதித்தது. குதிரைக்குப் புல்லும் நீரும் வேண்டும், குதிரை நோயுறும், குதிரையின் கனைப்பு பகைவனுக்குக் கேட்கும். மிதிவண்டிக்கு இவை எவையும் இல்லையே! அதன்மேல் படையை அனுப்பினால் என்ன?

அவர் தேர்ந்தெடுத்தவர்கள் 25-ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பின வீரர்கள். அக்காலத்தில் அமெரிக்க இராணுவத்தில் கறுப்பினத்தார் தனிப் படைகளிலேயே வைக்கப்பட்டனர். அவர்களுக்கு மேலதிகாரிகளாக இருந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர். 1896-ஆம் ஆண்டு அவ்வீரர்களுள் சிலர் மாஸுடன் யெல்லோஸ்டோன் வரை சென்று திரும்பினர். அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய சோதனை. 1897 ஜூன் 14 அன்று இருபது வீரர்கள் மிசூலாவிலிருந்து புறப்பட்டார்கள். சேருமிடம் மிசூரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகரம். இடையிலிருந்த தொலைவு ஏறத்தாழ 1,900 மைல். அதாவது 3,000 கிலோ மீட்டருக்கும் மேல்.

அந்த வண்டியில் கியர் கிடையாது. முதுகில் துப்பாக்கி, ஹாண்டில்பாரில் சுருட்டிக் கட்டிய போர்வையும் கூடாரத் துணியும், ஃப்ரேமின் நடுவில் உணவுப் பெட்டி. இவ்வளவையும் தாங்க வேண்டுமே என்று, வண்டி செய்து கொடுத்த ஸ்பால்டிங் நிறுவனம் அக்காலத்து மர ரிம்களை விடுத்து எஃகு ரிம்களைப் பூட்டியது. முன் ஃபோர்க்கையும் வலுப்படுத்தியது. கரடுமுரடான நிலத்துக்கென்றே வண்டியைப் பலப்படுத்தும் வேலை அப்போதே தொடங்கிவிட்டதை இங்குக் கவனிக்க வேண்டும்.

ராக்கி மலைத்தொடரில் மழையும் பனியும் அவர்களை வாட்டின. களிமண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வண்டி நகர மறுத்தபோது, இருப்புப்பாதையின் குறுக்குக் கட்டைகள்மேல் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தார்கள். நெப்ராஸ்காவின் மணற்குன்றுகளில் கடும் வெயில். அங்குக் கிடைத்த உவர் நீரைக் குடித்துப் பலர் நோயுற்றார்கள். ஆயினும் பயணம் நிற்கவில்லை. ஜூலை 24 அன்று, 41-ஆம் நாளில், செயின்ட் லூயிஸ் நகரத்தை அடைந்தார்கள். நகரத்து மக்கள் திரண்டு வந்து வரவேற்றார்கள்.

பிறகு என்ன நடந்தது? மேலும் பயணம் செய்ய மாஸ் கேட்ட அனுமதி கிடைக்கவில்லை. வீரர்கள் இரயிலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1898-இல் ஸ்பெயினுடன் போர் மூண்டது; மிதிவண்டிப் படை மறக்கப்பட்டது.

அந்த இருபதுபேருள் ஒருவர் மிங்கோ சாண்டர்ஸ் என்ற சார்ஜன்ட். கால் நூற்றாண்டுக் காலம் அப்பழுக்கில்லாமல் பணி செய்தவர். 1906-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்துப் பிரவுன்ஸ்வில் என்ற ஊரில் ஓர் இரவு துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. பழி, அங்கே தங்கியிருந்த 25-ஆவது காலாட்படைமேல் விழுந்தது. குற்றவாளி யார் என்று எவரும் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி, நீதிமன்ற விசாரணை எதுவுமின்றி, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 167 வீரர்களை ஒருசேரப் பணியிலிருந்து நீக்கினார். சாண்டர்சும் அவர்களுள் ஒருவர். ஓய்வூதியம் கைக்கு எட்டும் வேளையில் அவர் வெறுங்கையோடு வெளியேறினார். அது அநீதி என்று ஒப்புக்கொண்டு இராணுவம் தன் முடிவை மாற்றியது 1972-ஆம் ஆண்டில்! அதைக் கேட்க அவர் உயிரோடில்லை.

மிதிவண்டியோடு இதற்கு என்ன தொடர்பு என்று சிலர் கேட்கலாம். தொடர்பு உண்டு. ஒரு மனிதனின் உழைப்பை மறப்பது எளிதானால், அவனுடைய மானத்தைப் பறிப்பதும் எளிதாகிவிடுகிறது. மலை கடந்த அந்த வீரரின் பெயரை நாடு நினைவில் வைத்துப் போற்றியிருந்தால், ஒரே கையெழுத்தில் அவரைத் தள்ளிவிட மனம் துணிந்திருக்குமா?

பனியிலும் சேற்றிலும்

அமெரிக்காவை விட்டு இப்போது ஐரோப்பாவுக்கு வருவோம். இங்கிலாந்தில் ‘வேஃபேரர்’, அதாவது ‘வழிப்போக்கர்’ என்ற புனைபெயரில் எழுதி வந்த ராபின்சன் என்பவர், 1919-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், வேல்ஸ் நாட்டுப் பெர்வின் மலைக் கணவாயைத் தம் தோழர்களோடு மிதிவண்டியுடன் கடந்தார். பாதை முழுவதையும் பனி மூடிக்கிடந்தது. ஓட்ட முடிந்த இடத்தில் ஓட்டினார்கள். முடியாத இடத்தில் தள்ளினார்கள். அந்த அனுபவத்தை அவர் ‘சைக்கிளிங்’ என்ற இதழில் எழுதியபோது, படித்தவர்கள் பலருக்குத் தார்ச்சாலையை விட்டு இறங்கும் ஆசை பிறந்தது.

அந்த ஆசை 1955-இல் ஒரு சங்கமாக உருவெடுத்தது. இங்கிலாந்தின் லெமின்ஸ்டர் என்ற சிற்றூரில் ஏறக்குறைய நாற்பது பேர் கூடி, கரடுமுரடான பாதையில் ஓட்டுவோர்க்கென்றே ‘ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களிடம் தனி வண்டி எதுவும் இல்லை. கையிலிருந்த சாதாரண வண்டியையே மலைக்குக் கொண்டுபோனார்கள். வண்டி அவர்களைச் சுமக்காத இடத்தில் அவர்கள் வண்டியைச் சுமந்தார்கள். 1957-இல் பெர்வின் கணவாயில் ராபின்சனுக்கு அச்சங்கத்தார் நினைவுச் சின்னம் ஒன்றையும் வைத்தார்கள். தமக்கு முன் நடந்தவரை மறவாத அவர்களுடைய பண்பை நாம் பாராட்டாமல் இருக்க முடியாது.

இதே காலத்தில், 1951 முதல் 1956 வரை, பாரிஸ் நகரத்தின் சுற்றுப்புறத்தில் ஏறத்தாழ இருபது இளைஞர்கள் தங்கள் மிதிவண்டிகளைத் தாங்களே மாற்றியமைத்து, மேடு பள்ளங்களில் ஓட்டி விளையாடினார்கள். அதிர்ச்சியைத் தாங்கும் முன் ஃபோர்க்கைக்கூட அவர்கள் பொருத்திப் பார்த்தார்கள். இன்றைய மலை மிதிவண்டியில் நாம் வியந்து பார்க்கும் அந்த அமைப்பு அன்றே முளைவிட்டிருந்தது. ஆனால் அந்தக் குழு கலைந்தது. அவர்களுடைய வேலையும் அங்கேயே நின்றுவிட்டது.

மூலையில் கிடந்த வண்டி

மீண்டும் அமெரிக்காவுக்குச் செல்வோம். 1933-ஆம் ஆண்டு. பொருளாதார மந்தத்தால் தொழிற்சாலைகள் மூடிக்கிடந்த காலம். அவ்வேளையில் சிகாகோ நகரத்து ஷ்வின் நிறுவனம், சிறுவர்களின் முரட்டுக் கைகளையும் மோசமான சாலைகளையும் தாங்கட்டும் என்று, இரண்டு அங்குலத்துக்கும் சற்று மிகுந்த பருமனுள்ள பலூன் டயர்களைப் பூட்டிக் கனத்த வண்டிகளை விற்கத் தொடங்கியது. செய்தித்தாள் போடும் சிறுவர்களின் வண்டியாக அது நாடெங்கும் பரவியது. பின்னாளில் மெல்லிய டயரும் குறைந்த எடையும் கொண்ட வண்டிகள் வந்ததும், பழைய வண்டிகள் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்தன.

அவற்றின் மதிப்பை முதலில் கண்டுகொண்டவர்களுள் ஒருவர் ஜான் ஃபின்லி ஸ்காட். 1953-ஆம் ஆண்டிலேயே அவர் ஷ்வின் ஃப்ரேம் ஒன்றில் பலூன் டயர்களையும், நேரான ஹாண்டில்பாரையும், பல கியர்களையும், நல்ல பிரேக்குகளையும் பொருத்தினார். காட்டுப் பாதைக்கென்று செய்த அவ்வண்டிக்கு ‘உட்சி’ என்று செல்லப்பெயரும் வைத்தார். மலை மிதிவண்டிக்கு இன்று நாம் சொல்லும் இலக்கணங்கள் பெரும்பாலும் அதில் அமைந்துவிட்டன. ஆயினும் அதைக் கேட்டு வாங்க அப்போது ஆளில்லை.

இருபது ஆண்டுகள் சென்றன. கலிபோர்னியாவின் மாரின் வட்டாரத்தில் டாமல்பயஸ் என்றொரு மலை. அதைச் சுற்றி வாழ்ந்த இளைஞர்கள் சிலர், சொற்ப விலைக்குக் கிடைத்த பழைய ஷ்வின் வண்டிகளை மலைமேல் கொண்டுபோய், மண்பாதையில் ஓட்டி இறங்கத் தொடங்கினார்கள். அவ்வண்டியில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின் சக்கரத்தின் ஹப்புக்குள் பிரேக் பிடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் விடாமல் பிரேக்கை மிதித்தால் ஹப் சூடேறி, உள்ளேயிருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும். கீழே வந்தவுடன் ஹப்பைப் பிரித்துப் புதிய கிரீஸை அடைத்தாக வேண்டும். ‘மீண்டும் அடைத்தல்’ என்னும் பொருளில் அந்தப் பாதைக்கே ‘ரீபேக்’ என்று பெயர் வந்துவிட்டது. மூன்று கிலோ மீட்டருக்குச் சற்று மிகுந்த தொலைவில் ஏறத்தாழ 400 மீட்டர் கீழே இறங்கும் பாதை அது! அங்கே 1976 அக்டோபர் 21 அன்று சார்லி கெல்லி முதல் பந்தயத்தை நடத்தினார். ஆலன் பாண்ட்ஸ் வென்றார்.

வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போவது கடினமாக இருந்ததே, அதற்கு வழி? கூப்பர்டினோ என்ற ஊர்க் குழுவினர் பழைய வண்டியில் பல கியர்களைப் பொருத்தி, 1974 டிசம்பரில் மாரின் வட்டாரத்தில் நடந்த ஒரு பந்தயத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கேரி ஃபிஷரும் தம் வண்டியில் கியர்களையும் வலுவான பிரேக்குகளையும் பொருத்தினார். பழைய ஃப்ரேம்கள் முறிந்துகொண்டே வந்தபடியால், 1977-இல் ஜோ பிரீஸ் புதிய எஃகுக் குழாய்களைக் கொண்டு, மலைப் பாதைக்கென்றே ஒரு வண்டியைப் புதிதாகச் செய்தார். அது இன்று அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1979-இல் டாம் ரிச்சி ஃப்ரேம் செய்து தர, ஃபிஷரும் கெல்லியும் ‘மவுண்டன்பைக்ஸ்’ என்ற பெயரில் விற்பனை தொடங்கினார்கள். அப்பெயரைத் தங்களுக்கே உரியதாகப் பதிவு செய்ய அவர்கள் எடுத்த முயற்சி கைகூடவில்லை; பெயர் பொதுச் சொத்தாயிற்று. 1981-இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் ‘ஸ்டம்ப்ஜம்ப்பர்’ என்ற வண்டியை ஜப்பானில் பெருமளவில் செய்வித்து விற்றது. அதன்பின் மலை மிதிவண்டி உலகெங்கும் பரவியது.

வீடு கட்டுவோர் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லைப் பற்றி நாம் திருப்பலியில் கேட்டிருக்கிறோம். கொட்டகை மூலையில் கிடந்த செய்தித்தாள் சிறுவனின் வண்டியும் அவ்வாறே ஒரு புதிய தொழிலுக்கு மூலைக்கல் ஆயிற்று என்றால் மிகையாகாது.

பெண்கள் எங்கே?

இதுவரை நாம் சொன்ன பெயர்கள் அனைத்தும் ஆண்களின் பெயர்கள். மாணவியராகிய நீங்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். பெண்கள் அங்கே இல்லையா? இருந்தார்கள்.

ரீபேக் பாதையில் ஓட்டிய பெண் வெண்டி கிராக். அவர் பந்தயத்திலும் கலந்துகொண்டார். 1978-இல் கொலராடோ மாநிலத்தில் 12,000 அடிக்கும் மேல் உயர்ந்த பேர்ல் கணவாயைக் கடக்கக் கலிபோர்னியாவிலிருந்து சென்றவர்களுள்ளும் ஒருவர். அதோடு, கையில் காமிராவை எடுத்துக்கொண்டு அந்நாட்களைப் படம் பிடித்து வைத்தவரும் அவரே. இன்று அந்த ஆண்களின் புகழை உலகம் கண்ணால் காண்கிறது என்றால், அது பெரும்பாலும் ஒரு பெண் எடுத்த படங்களின் வழியாகத்தான். டெனிஸ் காரமக்னோ என்ற பெண் ‘ஃபேட் டயர்’, அதாவது ‘பருத்த டயர்’ என்ற தொடரை வழங்கச் செய்தவர். 1980-இல் கெல்லியுடன் சேர்ந்து ‘ஃபேட் டயர் ஃப்ளையர்’ என்ற இதழைத் தொடங்கியவர். ஜாக்கி ஃபெலன் 1983 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்கத் தேசிய மகளிர் வெற்றிப் பட்டத்தைப் பெற்றார். பட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. பெண்கள் அஞ்சாமல் மலைப்பாதையில் ஓட்டப் பழக வேண்டும் என்று 1987-இல் அவர்களுக்கென்றே ஒரு சங்கம் அமைத்தார்.

1996-ஆம் ஆண்டு அட்லாண்டா நகரில் நடந்த ஒலிம்பிக் போட்டியில் மலை மிதிவண்டி முதன்முறையாகச் சேர்க்கப்பட்டபோது, ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்தயம் நடந்தது. பெண்கள் பிரிவில் இத்தாலி நாட்டுப் பாவ்லா பெட்சோ தங்கப் பதக்கம் பெற்றார். தொடக்க நாளிலிருந்தே பெண்கள் அந்தப் பாதையில் இருந்தார்கள். ஆனால் ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்ற வினாவின் விடையில் மட்டும் அவர்களுக்கு இடமில்லை. படம் எடுத்தவளும், பெயர் வைத்தவளும், பிறருக்குக் கற்றுக்கொடுத்தவளும் ஒரு பொருளை உருவாக்கியவர்கள் ஆக மாட்டார்களா? ஆவார்கள் என்பதே நம் துணிபு.

சிலர் மறுக்கலாம்

‘மாரின் இளைஞர்கள் மொன்டானா வீரர்களைப் பார்த்து வண்டி செய்யவில்லையே, பாரிஸ் இளைஞர்களைப் பற்றி எண்ணிப் பார்க்கவும் இல்லையே, அவர்களை முன்னோடிகள் என்பது எப்படிப் பொருந்தும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் ஏன் கற்கவில்லை? முன் சென்றவர்கள் மறக்கப்பட்டதால்தான். 1897-இல் எஃகு ரிம்மின் தேவையை உணர்ந்தார்கள். 1950-களில் அதிர்ச்சி தாங்கும் ஃபோர்க்கைச் சோதித்தார்கள். 1953-இல் முழு வண்டியையே செய்து காட்டினார்கள். இவையெல்லாம் நினைவில் இருந்திருந்தால், பின் வந்தவர்கள் ஒவ்வொருவரும் முதல் படியிலிருந்து ஏறியிருக்க வேண்டியதில்லை. ஆகவே மறதியால் நட்டம் முன்னோருக்கு மட்டுமன்று. பின் வருவோர்க்கும் உண்டு.

‘செய்து முடித்தவருக்குத் தனிப் புகழ் இல்லையென்றால் யார்தான் முயல்வார்?’ என்று வேறு சிலர் கேட்கலாம். புகழைப் பறிக்கச் சொல்லவில்லை, பகிரச் சொல்கிறோம். ஜோ பிரீஸின் கைத்திறன் போற்றத்தக்கதே. ஸ்காட்டையும் கெல்லியையும் வெண்டியையும் சேர்த்து நினைப்பதால் அவருடைய பெருமை ஓர் இம்மியும் குறைந்துவிடாது. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தின் முன்னால் நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். பின்னால் இழுப்பவர் தெரிவதில்லை. ஆனால் பின்னால் இருப்பவர்கள் கையை எடுத்துவிட்டால் தேர் நகருமா?

நாம் செய்ய வேண்டுவது

புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய திருமுகத்தில் உடலையும் உறுப்புகளையும் பற்றிக் கூறும் உவமையை ஞானோபதேச வகுப்பில் கற்றிருக்கிறோம். கண்ணுக்குக் கை வேண்டும். தலைக்குக் கால் வேண்டும். அறிவியலும் தொழிலும் அவ்வாறே வளர்கின்றன. இதை வகுப்பில் படிப்பதோடு நின்றுவிடாமல் நடைமுறையிலும் கொண்டுவரலாமே!

பொது அறிவுப் போட்டி நடத்துவோர், ‘கண்டுபிடித்தவர் யார்?’ என்பதோடு ‘அவருக்கு முன் முயன்றவர் யார், யார்? உடன் உழைத்தவர் யார், யார்?’ என்றும் கேட்கலாம். அறிவியல் கண்காட்சியில் ஒரு மாதிரியைச் செய்து வைக்கும் மாணவியர், பசை தடவிக் கொடுத்தவள் முதல் மேசை தூக்கி வந்தவர் வரை அனைவருடைய பெயரையும் அட்டையில் எழுதி வைக்கலாம். பெற்றோர், வீட்டில் பழைய மிதிவண்டி இருந்தால் அதை எடைக்குப் போடுமுன், அதைப் பிரித்துப் பூட்டிப் பார்க்கத் தம் மகனைப் போலவே மகளுக்கும் ஒரு வாய்ப்பளிக்கலாம். கையில் கிரீஸ் பட்டால் சோப்புப் போட்டுக் கழுவிவிடலாம். கைவராத திறமையோ வாழ்நாள் முழுவதும் குறையாகவே நிற்கும்.

அடுத்த முறை எங்கேனும் ஒரு மலை மிதிவண்டியைக் காணும்போது, அன்புத் தோழியரே, சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்த அந்த இருபது வீரர்களையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் மிங்கோ சாண்டர்ஸ் என்றொருவர் இருந்தார் என்று பக்கத்தில் நிற்பவளுக்கும் சொல்லுங்கள்.